படுக்கையை நனைத்த எட்டு வயதுச் சிறுவன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு வடக்கே ஒரு சிறுநகரத்தில் இயங்கும் எங்கள் குழந்தைகள் மருத்துவமனைக்கு, பள்ளிகள் திறந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு ஜூன் இறுதியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயதுச் சிறுவனை அவனுடைய தாயும் அப்பத்தாவும் அழைத்து வந்தார்கள். தந்தை மளிகைக் கடை நடத்துகிறார். தாய் வீட்டில் இருந்தபடியே தையல் வேலை செய்கிறார். ஒன்றரை வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். பெற்றோரின் சம்மதத்துடனும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதைப் பதிவு செய்கிறேன்.

சிறுவன் ஏறத்தாழ எல்லா இரவும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். பிறந்தது முதல் ஒரு வாரம்கூட அவன் தொடர்ந்து நனையாமல் தூங்கியதில்லை என்றார் தாய். ஐந்து வயதைக் கடந்த பின்னும் இது நீடித்தால்தான் மருத்துவம் இதைக் கவனிக்க வேண்டிய நிலையாகக் கொள்கிறது. ஐந்து வயதில் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 15 பேரும், ஏழு வயதில் 5 முதல் 10 பேரும் இரவில் நனைக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்கு 15 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நின்றுவிடுகிறது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சுக்கு இதுவே அடிப்படை. ஆனால் வாரத்துக்கு ஓரிரு நாள் நனைக்கும் குழந்தைக்குப் பொருந்தும் அளவுக்கு, ஏழு நாளும் நனைக்கும் குழந்தைக்கு அந்தப் பேச்சு பொருந்துவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் என்றார் தந்தை. தங்கை பிறந்த பொறாமை என்று தாய் நினைத்தார். தங்கை பிறப்பதற்கு முன்பும் நனைத்தானே என்று கேட்டபோது, அது சரிதான் என்று சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உடம்பில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்பது அப்பத்தாவின் கருத்து. எள்ளும் கருப்பட்டியும் இடித்து ஒரு மண்டலம் கொடுத்திருந்தார், தாயத்தும் கட்டியாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, ஆனால் அதை யாராலும் காக்க முடியவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தாய் அவனைத் தூக்கத்திலேயே நடத்திக் கழிப்பறைக்குக் கொண்டுபோவார். அதற்குள் பாதி நாட்கள் பாய் நனைந்திருக்கும். கோடை விடுமுறையில் உறவுப் பிள்ளைகள் வந்திருந்தபோது, நனைந்த விரிப்பை அவர்கள் எதிரிலேயே அவனைத் துவைக்க வைத்திருக்கிறார்கள். அதன்பின் அவன் அம்மாச்சி வீட்டுக்குப் போக மறுத்துவிட்டான்.

முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, குறையில்லை என்று சொல்லி, இமிப்ரமின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது கொஞ்ச நாள் பலன் தந்தது. நிறுத்தியதும் மறுபடி தொடங்கிவிட்டது. மீதி மாத்திரைகள் சமையலறை அலமாரியில் இருந்தன. 1960-களில் இருந்து இதற்குப் பயன்பட்டுவரும் அந்த மருந்து, அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. தவழ்ந்து நடந்து எதையும் வாயில் போடும் வயதில் ஒரு குழந்தை இருக்கும் வீடு அது. ஆகவே மற்றதைப் பேசுவதற்கு முன், மறுநாளே அந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னோம்.

அவர்கள் ஜூனிலேயே வந்ததற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. ஆவணியில் தாய்மாமனுக்குத் திருமணம். கோயம்புத்தூரில் மண்டபத்தில் இரண்டு இரவு சொந்தபந்தம் அத்தனை பேரோடும் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வேண்டும். அதற்குள் நிறுத்தித் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

பகலில் ஏதும் தொந்தரவு உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றே பதில் வந்தது. ஆனால் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே சிறுவன் இரண்டு முறை கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்தான். ஒரு முறை நாற்காலியில் இருந்து இறங்கி, குதிகாலைக் கவட்டில் அழுத்தியபடி குந்தி உட்கார்ந்தான். செருப்பைச் சரிசெய்கிறான் என்று தாய் நினைத்தார். சிறுநீர்ப்பை நேரமல்லாத நேரத்தில் சுருங்கும்போது, கசியாமல் தடுக்கக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் நிலை இது. இரவு மட்டும் நனைக்கும் குழந்தையையும், பகலிலும் இப்படிப்பட்ட அவசரம் உள்ள குழந்தையையும் ஒரே வழியில் நடத்தக் கூடாது என்பதால், இந்த ஒரு காட்சி எங்கள் கேள்விகளின் திசையை மாற்றியது.

மலம் எப்படிப் போகிறது என்று கேட்டோம். ‘தினமும் போயிருவான்’ என்றார் தாய். அப்போது அப்பத்தா குறுக்கிட்டார்: ‘எங்க தினமும் போறான் டாக்டரம்மா? உள்ள போய் உக்காந்துட்டு வருவான். துணி துவைக்கிறவளுக்குத்தானே தெரியும். ஜட்டில எப்பவும் தீத்திக்கிட்டு இருக்கும். போனாலும் ஆட்டுப் புழுக்கைதான், இல்லேன்னா கழிப்பறையே அடைச்சுக்கிற மாதிரி ஒண்ணு.’ சரியாகக் கழுவத் தெரியாததால் ஒட்டும் கறை என்று அவர் எண்ணியிருந்தார். அதைப் பெரிதாக எண்ணாததால் மருமகளிடம் சொல்லவில்லை. தேங்கி இறுகிய மலத்தின் ஓரமாக இளகிய மலம் குழந்தைக்குத் தெரியாமலே கசிவதால் வரும் கறை அது. எட்டு வயதுப் பையன் கழிப்பறைக்குள் போனபின் தாய்க்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே தாயின் பதில் பொய்யும் இல்லை.

பரிசோதனையில் வயிற்றின் இடது கீழ்ப்பகுதியில் கெட்டியான திரட்சி கைக்குப் பட்டது. எடை 24 கிலோ. இரத்த அழுத்தம் இயல்பு. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் குழியோ மயிர்க்கொத்தோ இல்லை. கால்களின் பலமும் நடையும் சரியாக இருந்தன. குறட்டை இல்லை, உள்நாக்குச் சதை பெரிதாக இல்லை. சிறுநீரில் சர்க்கரையோ புரதமோ கிருமித்தொற்றின் அடையாளமோ காணப்படவில்லை. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன; சிறுநீர்ப்பைக்குப் பின்னால் மலக்குடல் 42 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்து, சிறுநீர்ப்பையின் பின்சுவரை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அது 30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மலம் தேங்கியிருக்கிறது என்று கருதலாம்.

சிறுவனிடம் தனியாகப் பேசியது இதற்குப் பிறகுதான். பள்ளியில் ஒன்றுக்குப் போக எந்த இடத்துக்குப் போவாய் என்று கேட்டதற்கு, ‘போகமாட்டேன்’ என்றான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய பையன்கள் கதவை உதைத்துத் திறந்துவிட்டுச் சிரிப்பார்கள். தரை எப்போதும் தண்ணீராகக் கிடக்கும். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும், அதனால் குடிப்பதில்லை. இந்தக் கணக்கை அவன் மிகத் தெளிவாகவே வைத்திருந்தான்.

அளந்து பார்த்தபோது

மருந்து எழுதாமல், ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினோம். சனி, ஞாயிறு இரு நாட்களும் குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளவுக் குவளையில் அளந்து நேரத்தோடு எழுத வேண்டும். ஏழு இரவுகள் டயப்பர் போட்டு, காலையில் அதன் எடையைப் பார்த்து, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்துவிட்டு, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரின் அளவைக் கூட்ட வேண்டும். தந்தையின் கடையில் மின்னணுத் தராசு இருந்ததால் இது எளிதாயிற்று. சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரே நாள்தோறும் காலையில் எடை போட்டுக் கடைக் கணக்குப்போல் நேர்த்தியாக எழுதியிருந்தார்.

எட்டு வயதில் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் விடை வரும். இவனுக்கு 270 இருக்க வேண்டும். இரண்டு நாளில் அவன் ஒரே நேரத்தில் அதிகமாகக் கழித்தது 140. இரவில் உற்பத்தியான சிறுநீர் 230-க்கும் 280-க்கும் இடையே இருந்தது. எதிர்பார்க்கும் கொள்ளளவில் 130 சதவீதத்தைத் தாண்டினால்தான், அதாவது இவனுக்கு 350 மில்லிக்கு மேல் போனால்தான், இரவில் சிறுநீர் மிகுதியாகச் சுரக்கிறது என்று சொல்ல முடியும். ஆகவே இவனுடைய சிறுநீரகம் தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. 250 மில்லி வந்து சேரும் இடத்தில் 140 மில்லிக்குத்தான் இடம் இருந்தது. இரவில் இரண்டு முறை, பதினொன்றரை மணி வாக்கிலும் விடியலுக்குச் சற்று முன்பும் நனைந்ததற்கும் இந்தக் கணக்கே விளக்கம் தந்தது.

பள்ளி நாளின் நிலை இன்னும் தெளிவாக இருந்தது. காலை ஆறரைக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வேன் ஏறுபவன், மறுபடி கழிப்பது மாலை நாலே முக்காலுக்கு வீடு திரும்பியபின். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ முழுதாகத் திரும்பி வந்தது. மாலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே ஏறத்தாழ 900 மில்லி குடித்தான். தாகத்தில் வந்த பிள்ளைக்கு ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்ற விதி ஏன் நிலைக்கவில்லை என்பது அப்போது வீட்டாருக்கே விளங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழந்தைகள் இரவில் நனைப்பதற்கு மூன்று காரணங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்க வேண்டிய வாசோபிரெசின் என்ற ஹார்மோன் போதாமல் இருப்பது ஒன்று; சிறுநீர்ப்பை சிறிதாக இருப்பது அல்லது அடங்காமல் சுருங்குவது மற்றொன்று; நிரம்பிய சிறுநீர்ப்பை அனுப்பும் செய்தி மூளையை விழிக்க வைக்காதது மூன்றாவது. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் குழந்தையை எழுப்பிக் கழிப்பறைக்குத்தான் அனுப்பும், படுக்கையை நனைக்காது. ‘எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டான்’ என்று ஏறத்தாழ எல்லாத் தாய்மாரும் சொல்வது இதனால்தான். இவை எதிலும் குழந்தையின் விருப்பத்துக்கு இடமில்லை. பொறாமை, பயம், செல்லம் ஆகியவற்றைக் காரணமாகக் கொள்வதற்கு, ஆறு மாதமாவது நனையாமல் இருந்துவிட்டுத் திரும்பத் தொடங்கிய குழந்தையிடம்தான் ஓரளவு நியாயம் உண்டு.

இவனிடம் இரண்டாவது காரணம் மேலோங்கி இருந்தது. அதற்கும் பின்னால் மலச்சிக்கல் இருந்தது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டியே இருக்கின்றன. ஒன்று விரிந்தால் மற்றது சுருங்கியே ஆக வேண்டும், இரண்டுக்கும் பொதுவான நரம்புகளும் கலங்குகின்றன. மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களுள் இரவில் நனைத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு மலச்சிக்கலைத் தீர்த்ததுமே நனைவது நின்றிருந்தது. அலாரமோ மாத்திரையோ முதலில் வேண்டாம், குடலைச் சரிசெய்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என முடிவெடுத்ததற்கு இதுவே காரணம். திருமணத்துக்குள் நிறுத்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. திருமணத்தின் இரண்டு இரவுகளுக்கு மட்டும் தனியாக வழி செய்யலாம் என்று சொன்னோம்.

தொடர்ந்து வந்த ஒரு வார இறுதியில், பள்ளி விடுமுறை நாள் ஒன்றையும் சேர்த்து, மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை எடைக்கேற்ப நாளொன்றுக்கு 36 கிராம் கரைத்து, வெளியேறுவது தெளியும்வரை கொடுக்கச் சொன்னோம். அதன்பின் நாள்தோறும் 14 கிராம். மலம் இளகினால் போதாது, விரிந்த குடல் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதங்கள் ஆகும், அதுவரை பொடி தொடர வேண்டும் என்று விளக்கினோம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். வீட்டில் இருந்தது வெஸ்டர்ன் கழிப்பறை. அதில் உட்கார்ந்தால் அவன் கால்கள் அந்தரத்தில் தொங்கின. ஊன்ற இடமில்லாமல் தொங்கும் காலோடு எந்தக் குழந்தையாலும் முக்க முடியாது. தந்தை கடையில் இருந்து ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்.

தண்ணீரைக் குறைப்பதற்குப் பதிலாக, குடிக்கும் நேரத்தை மாற்றினோம். ஒரு நாளைக்கு வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு மதியத்துக்கு முன், அதே அளவு மதியத்தில் இருந்து மாலை ஐந்து வரை, மீதி ஒரு பங்கு அதற்குப் பின். இது நடக்க வேண்டுமானால் பள்ளியில் கழிப்பறை வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய, பிள்ளைகள் தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்கும் தண்ணீர் மணித் திட்டம் நல்ல திட்டந்தான். ஆனால் போக இடமில்லாத பிள்ளைக்கு எத்தனை மணி அடித்தாலும் பாட்டில் முழுதாகவே வீடு திரும்பும். வகுப்பாசிரியருக்கு, சிறுநீர்ப்பைச் சிகிச்சைக்காக இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுவனை அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதினோம். படுக்கையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஆசிரியர்களின் கழிப்பறையைப் பயன்படுத்த அவர் இசைந்தார்.

வீட்டாரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: நனைந்ததற்காகத் திட்டும் இல்லை, நனையாததற்காகப் பரிசும் இல்லை. தூக்கத்தில் தன்னையறியாமல் நிகழ்வதற்குப் பரிசு கொடுத்தால், மறுநாள் அது கிடைக்காமல் போவது தண்டனையாகிவிடும். தண்ணீர் குடித்ததற்கும் பத்து நிமிடம் உட்கார்ந்ததற்கும் நட்சத்திரம் ஒட்டலாம். அவை அவன் கையில் இருப்பவை. இந்தப் பேச்சின்போது தந்தையும் உடன் இருந்தார். அப்பத்தா அவரைப் பார்த்து, ‘நீ ஆறாப்புப் படிக்கிற வரைக்கும் பாயை நனைச்சவன்தானேடா’ என்று சொல்ல, அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 44 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதம், இருவருக்கும் இல்லாவிட்டால் 15 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த எண்களை நான் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது. சிறுவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு தந்தை தன் சிறுவயதுக் கதையை அவனிடம் தானே சொன்னதாகத் தாய் பின்னர் தெரிவித்தார். வீட்டில் திட்டு நின்றதற்கு எங்கள் அறிவுரையைவிட அப்பத்தாவின் அந்த ஒரு வாக்கியமே காரணம் என்பது என் கணிப்பு.

முதல் எட்டு வாரங்கள்

பொடி தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே ஜட்டியில் கறை நின்றது. வயிற்றில் கைக்குப் பட்ட திரட்சி மறைந்தது, சாப்பாடு கூடியது. குந்தி உட்கார்ந்து அழுத்தும் பழக்கம் ஒரு மாதத்தில் அரிதாயிற்று. எட்டாவது வாரம் மறுபடி அளந்தபோது ஒரே நேரத்தில் கழித்த அதிக அளவு 210 மில்லியாக உயர்ந்திருந்தது. வாரத்தில் ஏழு இரவு இருமுறை நனைந்த படுக்கை, நான்கு இரவு ஒருமுறை மட்டும் நனைந்தது. அதற்குமேல் முன்னேற்றம் நின்றுவிட்டது. குடல் காரணத்தின் பங்கு தீர்ந்து, விழிக்காமையின் பங்கு மீதியிருந்தது என்று அதைப் புரிந்துகொண்டோம்.

திருமணப் பயணம்

ஹார்மோன் குறையைத் தற்காலிகமாக ஈடுகட்டும் டெஸ்மோபிரெசின் மாத்திரையை இரண்டு இரவுகளுக்காக மட்டும் பயன்படுத்தினோம். சிறுநீர் அளவு மிகுதியாக இல்லாத குழந்தைக்கு இது பெரும்பலன் தராது. ஆனால் சிறுநீர்ப்பை 210 மில்லி கொள்ளத் தொடங்கியிருந்ததால், சுரப்பைக் கொஞ்சம் குறைத்தாலே விடியும்வரை தாங்கும் என்று கணக்கிட்டோம். திருமணத்துக்கு முந்தைய வாரம் வீட்டிலேயே படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு 0.2 மில்லிகிராம் வீதம் ஐந்து இரவுகள் கொடுத்துப் பார்த்தபோது நான்கு இரவுகள் நனையவில்லை.

இந்த மருந்தில் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. மருந்து சிறுநீரைத் தடுக்கும் நேரத்தில் நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம்; மூக்கில் அடிக்கும் வடிவத்தைப் படுக்கை நனைதலுக்குப் பயன்படுத்துவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் விலக்கியது இதற்காகவே. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை ஒரு தம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது, குடித்துவிட்டால் அன்று மாத்திரை கிடையாது என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். முதல் இரவு மாத்திரையோடு நனையாமல் தூங்கினான். இரண்டாம் இரவு, வரவேற்பில் ரோஸ் மில்க்கும் பன்னீர் சோடாவுமாகக் குடித்து முடித்துப் பத்தரை மணிக்கு வந்து நின்றான். தாய் மாத்திரையைக் கொடுக்கவில்லை. உறிஞ்சும் கால்சட்டையைப் பைஜாமாவுக்குள் போட்டுப் படுக்க வைத்தார். அது நனைந்தது, யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டாம் இரவில் அவர் எடுத்த முடிவே இந்தச் சிகிச்சைக் காலம் முழுவதிலும் மிகப் பொறுப்பான முடிவு என்று கருதுகிறேன்.

அலாரம்

1938-இல் அமெரிக்க உளவியலாளர் மவுரர் தம் மனைவியோடு சேர்ந்து உருவாக்கிய மணிக் கருவியின் இன்றைய வடிவம் ஒரு சிறு உணரியும் ஒலிப்பானும்தான். முதல் துளி பட்டதும் அலறும். பயன்படுத்துவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவுக்கு நனையாத நிலையை எட்டுகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாதம் வீடே தூக்கம் கெட வேண்டும். கடைக்காரரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் இது பாதியில் கைவிடப்படும் என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. அதனால் காலாண்டுத் தேர்வு முடியும்வரை காத்திருந்து, விடுமுறையில் தொடங்கினோம். தந்தையும் மகனும் கூடத்தில், தாயும் குழந்தையும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது என்று ஏற்பாடாயிற்று.

முதல் பத்து நாளும் ஒலி கேட்டு விழித்தவர்கள் அப்பா, அம்மா, தங்கை, அடுத்த வீட்டார். சிறுவன் மட்டும் அசையவில்லை. இது எதிர்பார்த்ததே. தந்தை அவனை எழுப்பி நிற்க வைத்து, முகம் கழுவச் செய்து, மீதியைக் கழிப்பறையில் கழிக்க வைத்து, ஏழாம் வாய்ப்பாட்டில் ஏதேனும் ஒன்றைக் கேட்பார். விடை வந்தால் விழித்திருக்கிறான் என்று பொருள். விழிக்காமல் நடந்துபோய்விட்டு வருவதில் கற்றல் எதுவும் நிகழ்வதில்லை. முன்பு தாய் இரண்டு மணிக்கு நடத்திக் கொண்டுபோனது விரிப்பைக் காத்ததே தவிர வேறெதையும் மாற்றாததற்குக் காரணமும் அதுதான். மூன்றாவது வாரத்தில் நனையும் வட்டம் சிறிதாயிற்று. ஐந்தாவது வாரத்தில் ஒலித்தவுடன் தானே எழத் தொடங்கினான். டிசம்பர் நடுவில் தொடர்ந்து பதினான்கு இரவுகள் நனையாமல் கழிந்தபின் அலாரத்தைக் கழற்றினோம். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பதினான்கு இரவுகளில் மூன்றில் மட்டுமே அவன் எழுந்து போனான். மற்றவற்றில் விடியும்வரை தாங்கிக்கொண்டு தூங்கினான்.

பொங்கலுக்குப் பின்

ஜனவரி இறுதியில் தாய் கவலையோடு வந்தார். ஒரே வாரத்தில் மூன்று இரவு நனைந்திருந்தது. அலாரம் தோற்றுவிட்டது என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். விசாரித்தபோது, ‘நல்லாத்தானே போறான்’ என்று பொங்கலுக்கு முன்பே பொடியை நிறுத்தியிருந்தது தெரிந்தது. ஊரில் இருந்த நாட்களில் கழிப்பறை பிடிக்காமல் மலத்தை அடக்கியிருக்கிறான். திரும்பி வந்து ஒரு வாரத்தில் மறுபடி புழுக்கையாகப் போகத் தொடங்கியிருக்கிறது. வயிற்றில் அதே இடத்தில் திரட்சி கைக்குப் பட்டது. அலாரத்தைத் தொடவே இல்லை. பொடியை மட்டும் மறுபடி முழு அளவில் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் நனைவது நின்றது. ஜூனில் எங்களிடம் இருந்தது அளவுகளில் இருந்து செய்த ஓர் அனுமானம். அதை உறுதிப்படுத்தியது, யாரும் திட்டமிடாத இந்த இடைவெளிதான்.

ஏப்ரலில் பார்த்தபோது, முந்தைய மாதம் முழுவதிலும் ஒரே இரவு நனைந்திருந்தது, அன்று காய்ச்சல். ஒரே நேரத்தில் கழித்த அதிக அளவு 260 மில்லி. பொடியைக் கோடை முழுவதும் தொடர்ந்து, பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு கிராமாகக் குறைத்துக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. அம்மாச்சி வீட்டுக்கு விடுமுறைக்குப் போவதாகச் சொன்னான்.

நடைமுறையில் மாற்றியவை

இந்தக் குழந்தைக்குப் பிறகு, இரவில் நனைப்பதற்காக வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் வீட்டில் துணி துவைப்பவர் யார் என்று முதலிலேயே கேட்கிறோம். அவர் வராவிட்டால் தொலைபேசியில் பேசுகிறோம். தினமும் போகிறானா என்ற கேள்வியை விட்டுவிட்டோம். மலத்தின் ஏழு வகைகளையும் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணையைச் சிறுவர்களிடம் நீட்டினால், எந்தப் படம் தன்னுடையது என்று கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டே தொட்டுக் காட்டுகிறார்கள். குழந்தையோடு தனியாகப் பேசும் ஐந்து நிமிடமும் முதல் சந்திப்பிலேயே நடக்கிறது.

பொடிச் சீட்டில் இப்போது முடிவுத் தேதியை எழுதுவதில்லை. ‘நாங்கள் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம், நன்றாகப் போவது மருந்து வேலை செய்வதால்தான்’ என்று எழுதுகிறோம். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது பொடியும் கால்பலகையும் கூடப் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. அல்ட்ராசவுண்ட் எல்லாருக்கும் தேவையில்லை; கையால் தொட்டும் கேட்டும் மலச்சிக்கல் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். சிறுநீர்ச் சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. நனையாமல் இருந்த குழந்தை திடீரென்று நனைக்கத் தொடங்கி, அடங்காத தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால், அது முதல் வகை நீரிழிவாக இருக்கக்கூடும். குறிப்பேடு கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்ல அங்கே நேரமில்லை, அன்றே பார்க்க வேண்டும். நாள் முழுவதும் சொட்டிக்கொண்டே இருக்கும் சிறுமி, முக்கினால் மட்டுமே மெல்லிய தாரையாகக் கழிக்கும் சிறுவன், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கொத்தோ உள்ள குழந்தை, கால் பலவீனம் உள்ள குழந்தை ஆகியோரையும் இந்த வழியில் நடத்தாமல் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

பள்ளிக் கடிதத்தில் ஒரு சிக்கல் மிஞ்சியது. ஜூனில் சிறுவன் நான்காம் வகுப்புக்குப் போனபோது வகுப்பாசிரியர் மாறினார். பழைய அனுமதி அவருக்குத் தெரியாது, சிறுவனும் சொல்லவில்லை. பாட்டில் மறுபடி முழுதாகத் திரும்புவதைத் தாய் கவனித்து மூன்றாம் நாளே வந்துவிட்டதால் அது பெரிதாகவில்லை. இப்போது அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கே எழுதி, கல்வியாண்டைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகக் கொடுக்கிறோம். மாணவர் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்திருக்கிறோம்.